மணி அடித்த பிறகுதான் வண்டி

அமோகம் மோட்டார்ஸில் வண்டி எடுக்க வேண்டுமானால் முதலில் மகிழ்ச்சி அடைய வேண்டும். வண்டி அதற்குப் பிறகுதான். இது தெரியாமல் நான் நேராக வண்டிக்குப் போய்விட்டேன்.

என் பெயர் பழமலைநாதன். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் வைத்திருக்கிறேன். ஃபியூஸ் கேரியர் செய்கிறோம். கரண்ட் போனதும் நீங்கள் பிடுங்கிப் பார்த்துத் திட்டுவீர்களே, அந்த வெள்ளைக் கட்டை. திட்டு வாங்கும் பொருளைச் செய்து செய்து எனக்கும் அந்த முகம் வந்துவிட்டது என்று என் மனைவி சண்முகப்ரியா சொல்வாள்.

இரு சக்கர வண்டி தேவைப்பட்டதே அவளுக்காகத்தான். ப்ரியா நல்லூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸு. கிளினிக் சாவி அவளிடம் இருக்கும். விருத்தாசலத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் காலை பஸ்களில் ஒன்று, பால்காரரே எழாத நேரத்தில் போகும். அடுத்தது, நோயாளிகள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக் குணமாகி வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் போய்ச் சேரும். டாக்டர் நல்ல மனிதர். பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா. அப்பறமும் லேட்டுன்னா உள்ளூர்ல ஒரு பொண்ண வெச்சுக்குறேன். தப்பா எடுத்துக்காத."

ப்ரியா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து என்னைத்தான் பார்த்தாள். "ஒரு வண்டி வாங்க துப்பு இருக்குதா உங்களுக்கு?"

இருந்தது. மறுநாளே போனேன்.

அமோகம் மோட்டார்ஸ் எனக்குப் புதிய இடமில்லை. ஷோரூம் நடுவில் தொங்கும் மணியைச் செய்து கொடுத்ததே நான்தான். வண்டி எடுப்பவர்கள் மகிழ்ச்சியில் அந்த மணியை அடிப்பார்கள், ஊழியர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டுவார்கள். அது அங்கே சம்பிரதாயம். முதலில் பித்தளை மணிதான் வைத்திருந்தார்கள். அதை அடித்தபோதெல்லாம் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று மெக்கானிக்குகள் எழுந்து போய்விட்டார்கள். அதனால் மேனேஜர் நந்தகுமார் மென்மையான ஓசையுள்ள பீங்கான் மணி ஒன்று கேட்டார். கொடுக்கும்போது எச்சரித்தேன். "பூ மாதிரி அடிக்கணும் சார். ஓங்கி அடிச்சா ஒடைஞ்சிடும்."

நந்தகுமார் அக்னி நட்சத்திரத்திலும் டை கட்டுகிறவர். டையைச் சரி செய்துகொண்டு சிரித்தார். "இங்க எவனும் கோவமா மணி அடிக்க மாட்டான் சார். மகிழ்ச்சியிலதான் அடிப்பான்."

நான் வண்டி பதிவு செய்யப் போன அன்று, இளமதி என்கிற பெண் என் நெற்றியில் சந்தனம் வைத்து, கையில் ரோஜாவும் கல்கண்டும் கொடுத்தாள். அவள் சட்டையில் 'மகிழ்ச்சி அலுவலர்' என்று அட்டை குத்தியிருந்தது. விற்பனைப் பெண் என்ற பழைய பதவியை நந்தகுமார் ஒழித்துவிட்டார். சம்பளத்தை மட்டும் பழையபடியே விட்டுவைத்திருந்தார்.

"கறுப்பு வண்டி வேணும்மா" என்றேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை வந்துடும் சார்."

வெள்ளிக்கிழமை ப்ரியாவையும் மாமனார் மாயவனையும் அழைத்துக்கொண்டு போனேன். மாமனார் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தார். எங்களை 'மகிழ்ச்சிக் கூடம்' என்று எழுதிய அறையில் உட்கார வைத்தார்கள். சோபா, மின்விசிறி, வண்டி மலையேறும் படம். வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு பூமாலை வந்தது. கேக் வந்தது. நாய்க்குட்டி அளவுக்கு ஒரு அட்டைச் சாவி வந்தது.

மாமனார்தான் கேட்டார். "வண்டி எங்க?"

நந்தகுமார் அவர் தோளில் கை வைத்தார். "ஐயா, வண்டி இன்னைக்குப் புதுசா இருக்கும், நாளைக்குப் பழசாயிடும். மகிழ்ச்சி அப்படியா? நாங்க வண்டி விக்கிற கடை இல்ல. உறவு குடுக்கிற குடும்பம்."

"எங்களுக்கு உறவு நெறைய இருக்குது தம்பி. வண்டிதான் இல்ல."

வண்டி கடலூரில் இருக்கிறது, கிளம்பிவிட்டது, ஆனால் நல்ல நேரம் முடிவதற்குள் சடங்கை முடித்துவிட வேண்டும் என்றார்கள். பக்கத்தில் யாருக்கோ சொந்தமான சிவப்பு வண்டி ஒன்று நின்றது. அதன் முன்னால் எங்களை நிறுத்தி, அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்த வண்டிக்காரர் நகர்த்தும்போது, அதன் சக்கரத்தடியில் மாமனார் வைத்த எங்கள் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. எங்கள் மேலிருந்த கண்ணேறு முழுவதும் அவருக்குக் கழிந்தது.

"மணி அடிங்க சார்" என்றார் நந்தகுமார்.

"வண்டி வரட்டுமே."

"வண்டி வந்த பிறகு எல்லாரும்தான் அடிப்பாங்க. வர்றதுக்கு முன்னாடி அடிக்கிறதுக்குப் பேருதான் நம்பிக்கை."

ஊழியர்கள் கைகளைத் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கைகளை எவ்வளவு நேரம்தான் காற்றில் நிறுத்திவைப்பது? எனக்குப் பாவமாகிவிட்டது. நான் செய்த மணியை நானே, பூ மாதிரி, அடித்தேன். எல்லோரும் தட்டினார்கள். ப்ரியா தட்டவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போய் வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டேன். இளமதி கம்ப்யூட்டரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். "நீங்க மணி அடிச்சிட்டீங்க சார். மணி அடிச்சவங்க பேர்ல கொறை பதிஞ்சா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"மகிழ்ச்சியா இருக்கணும் சார்."

மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது வண்டி வந்தது. சிவப்பு.

"கறுப்பு கேட்டீங்க. ஒத்துக்குறேன்" என்றார் நந்தகுமார். "ஆனா நீங்க கேட்டதையே குடுத்தா அதுல எங்க உழைப்பு என்ன சார் இருக்குது?"

"கண்ணாடி ரெண்டும் இல்லையே?"

"அது வர்ற வெள்ளிக்கிழமை. பின்னாடி பாத்துக்கிட்டே போற வயசா சார் உங்களுக்கு? முன்னாடி பாருங்க."

முன்னால் பார்த்தேன். பெட்ரோல் முள் படுத்திருந்தது. பங்க் வரை தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தெரிந்தவர்கள் "புது வண்டியா?" என்று கேட்டார்கள். மாலை போட்ட வண்டியைத் தள்ளிப் போகிறவன் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்க நம் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

மறுநாள் காலை ப்ரியாவை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குக் கிளம்பினேன். பாதி வழியில், ஒரு மரம்கூட இல்லாத இடமாகப் பார்த்து, வண்டி நின்றது. உதைத்தேன். பட்டனை அமுக்கினேன். பேசிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் உரமூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ப்ரியா மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, கிளினிக் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். நர்ஸு உடையில் உரமூட்டை மேல் ஒரு பெண் போவதைப் பார்த்துச் சாலையில் போனவர்கள் ஏதோ அரசுத் திட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் ஒருநாள் தவறினாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

வண்டியை ஷோரூமுக்குத் தள்ளினேன். நந்தகுமார் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் பார்ப்பது போல.

"புது வண்டி சார். கொஞ்சம் வெக்கம் இருக்கும். பழகினா சரியாயிடும்."

"வண்டிக்கு வெக்கமா?"

"உங்களுக்கு நேரம் குடுக்கணும், அதுக்கும் நேரம் குடுக்கணும். அத விடுங்க. நாளைக்குக் கம்பெனிலேர்ந்து போன் வரும். எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. 'மிக மிக திருப்தி'ன்னு சொல்லணும். வெறும் 'திருப்தி'ன்னு சொன்னா எங்களுக்கு சைபர் போட்டுடுவாங்க. 'மிக' ரெண்டு தடவ. எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"வண்டிய எப்ப சரி பண்ணுவீங்க?"

"போன் வந்த பிறகு."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் கையில் என் வண்டி. என் கையில் அந்த ஒரு போன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று திட்டிப் பழகினேன். ஆரம்பத்தில் எனக்கே நான் திட்டுவது நம்பும்படியாக இல்லை. போகப் போகத் தேறினேன். ப்ரியா அடுப்படியிலிருந்து சில வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸு வேலையில் இவ்வளவு வார்த்தை புழங்குமா என்று ஆச்சரியப்பட்டேன்.

சாயங்காலம் இளமதி வீட்டுக்கு வந்தாள். அட்டை குத்தாமல் வந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஷோரூமில் 'சார்' என்பவள் வாசலில் நின்று 'அண்ணா' என்றாள்.

"நாளைக்குத் திட்டப் போறீங்களாண்ணா?"

"திட்டாம?"

"திட்டுங்க. நானா இருந்தாலும் திட்டுவேன். ஆனா மேனேஜருக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. வண்டி யாரு பேர்ல வித்துச்சோ அவங்களத்தான் வூட்டுக்கு அனுப்புவாங்க. உங்க வண்டி என் பேர்ல இருக்குது. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல." அவ்வளவு சொல்லிவிட்டு, ப்ரியா கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல், "போயிட்டு வரேங்க" என்று போய்விட்டாள்.

என் ஆயுதத்தை எடுத்து உரலில் போட்டு இடித்தது போலிருந்தது. நான் சோர்ந்து உட்கார்ந்தேன். "ஒரு வேலைய காப்பாத்தப் போயி இன்னொரு பொண்ணு வேலைய எடுக்கிறதா? போவுது வுடு. 'மிக மிக'ன்னு சொல்லித் தொலைக்கிறேன்."

ப்ரியா அந்த டீயைத் தானே குடித்துக்கொண்டு யோசித்தாள். "சொல்லுங்க. ஆனா அந்த ஆளு கேக்குற அளவுக்கு மட்டும் ஏன் சொல்றீங்க? அள்ளிக் குடுங்க. பேரச் சொல்லிக் குடுங்க. நடந்தது ஒண்ணு விடாம சொல்லிப் புகழுங்க. மூச்சு முட்டட்டும்."

போன் மறுநாள் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண்குரல். எங்கள் சேவை எப்படி இருந்தது சார்?

"மிக மிக மிக திருப்தி" என்றேன்.

அங்கே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "மூணு 'மிக' எங்ககிட்ட இல்ல சார்."

"இல்லன்னா புதுசா போட்டுக்குங்கம்மா. மேனேஜர் நந்தகுமார் சார் மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல. அவரு வண்டியே இல்லாம எங்களுக்கு வண்டி குடுத்தாரு. மாலை போட்டாரு. மத்தவங்க வண்டி முன்னாடி நிக்க வெச்சுப் படம் எடுத்தாரு. அப்பவே நாங்க மணி அடிச்சிட்டோம். அவ்ளோ மகிழ்ச்சி. கறுப்பு கேட்டோம், சொந்த உழைப்பப் போட்டு சிவப்பு குடுத்தாரு. பின்னாடி பாக்காம வாழக் கத்துக்கணும்னு கண்ணாடிய எடுத்துட்டாரு. வண்டி நின்னுபோனப்ப அதுக்கு வெக்கம்னு கண்டுபுடிச்சாரு. எல்லாம் மேனேஜர் சாரோட யோசனைதான். இளமதின்னு ஒரு பொண்ணு பாவம், அவரு சொன்னத அப்படியே செஞ்சிச்சு."

சொன்னது அத்தனையும் உண்மை. விஷமே அதுதான். இதைக் கேட்டதும் கம்பெனி நந்தகுமாரைத் தொலைத்துவிடும் என்று நானும் ப்ரியாவும் நம்பினோம். கம்பெனிகளைப் பற்றி எங்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

கம்பெனி நந்தகுமாருக்குப் பாராட்டு விழா அறிவித்தது. வண்டி கொடுக்காமலேயே வாடிக்கையாளரை மகிழ்வித்த ஒரே மேனேஜர் அவர்தானாம். ஞாயிற்றுக்கிழமை மண்டல அதிகாரி கோதண்டபாணி நேரில் வருகிறார். அந்த மகிழ்ச்சியான வாடிக்கையாளரையும் அவருடைய வண்டியையும் மேடையில் பார்க்க விரும்புகிறார்.

மேடையில் அதிகாரி முன்னால் வண்டி நின்றுவிட்டால்? சனிக்கிழமை முழுவதும் ஷோரூம் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் என் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதை எதையோ கழற்றினார்கள், புதிதாக மாட்டினார்கள். ஞாயிறு காலையில் வண்டி தொட்டதும் கிளம்பியது. வெட்கம் முற்றிலும் போய்விட்டிருந்தது. கண்ணாடி மட்டும் வரவில்லை.

விழாவில் கோதண்டபாணி பேசினார். கனமான குரல். "நண்பர்களே, வாடிக்கையாளர் மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்பது எது என்று எங்கள் நிறுவனம் நீண்ட காலம் ஆராய்ந்தது. கடைசியில் கண்டுபிடித்தோம். வண்டிதான். எல்லாப் புகார்களும் வண்டியைக் கொடுத்த பிறகே வருகின்றன. கொடுக்காத வண்டியைப் பற்றி, அது ஓடவில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. இந்த உண்மையை விருத்தாசலத்தில் நந்தகுமார் நடைமுறைப்படுத்திக் காட்டியிருக்கிறார்."

கை தட்டினோம். நந்தகுமார் டையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். அவருக்குப் பரிசாக ஒரு புது வண்டி மேடையில் நின்றது. கறுப்பு. நான் கேட்ட அதே கறுப்பு. அவர் பெண்ணாடத்திலிருந்து தினமும் வந்து போக வைத்திருந்த கம்பெனியின் பழைய வண்டியை அன்றே ஒப்படைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் பழைய சாவியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டியின் மேல் கை வைத்தார்.

அப்போது என்னைப் பேசச் சொன்னார்கள்.

மைக் முன்னால் போய் நின்றேன். கீழே ப்ரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் கிளினிக் சாவி. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"பெரியவங்களுக்கு வணக்கம். எனக்கு ஒரு சின்ன வருத்தம். மேனேஜர் சார் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிய முதல்ல குடுத்தாரு, வண்டிய அப்பறமாத்தான் குடுத்தாரு. ஆனா அவருக்கு மட்டும் இப்படி வெறும் வண்டியத் தூக்கிக் குடுத்து அனுப்புறீங்க. அவரு மனசு என்ன பாடுபடும்? எங்களுக்குக் கிடைச்சது எல்லாம் அவருக்கும் கிடைக்கணும். ஒண்ணுகூடக் கொறையக் கூடாது."

கூட்டம் தட்டியது. மெக்கானிக்குகள் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இதுதான் வாடிக்கையாளர். இவர் சொல்வதுதான் சரி. வண்டியைக் கடலூருக்குத் திருப்பி அனுப்புங்கள். முறைப்படி வரட்டும்."

"சார், அது இங்கயே நிக்குதுங்களே" என்றார் நந்தகுமார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நியாயமான வார்த்தை அதுதான். யாரும் கேட்கவில்லை. கறுப்பு வண்டியை லாரியில் ஏற்றினார்கள். அவருக்கு மாலை போட்டார்கள், கேக் ஊட்டினார்கள். என் சிவப்பு வண்டியின் முன்னால் அட்டைச் சாவியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். இளமதி நெற்றியில் சந்தனம் வைத்து, "மணி அடிங்க சார்" என்றாள்.

அடித்தார். பூ மாதிரி.

திங்கட்கிழமை ப்ரியா டாக்டருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். இன்றுவரை தவறவில்லை. சாவி அவளிடம்தான் இருக்கிறது.

நந்தகுமார் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வரத் தொடங்கினார். அது கரும்பு வெட்டும் காலம். ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு தேர் மாதிரி அசைந்து வரும். அதில் சிக்கி வந்து இறங்குவார், தோளில் டையும் தலையில் கரும்புச் சோகையுமாக. நேரே வேலைக்கும் போக முடியாது. வண்டிக்குக் காத்திருப்பவர் மகிழ்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவரே போட்ட விதி. வெள்ளிக்கிழமை தோறும் நான் என் கண்ணாடியைக் கேட்டுப் போவேன். அவர் தன் வண்டியைக் கேட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே சோபா. ஒரு தடவை மனசு கேட்காமல் என் கல்கண்டை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவருடைய செல்போன் அடித்தது. சென்னை நம்பர். அந்தச் சத்தம் கேட்டதும் ஊழியர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நந்தகுமார் எழுந்து நின்றார். அவர் கண்ணில், நான் கண்ணாடி முன்னால் பழகிய அத்தனை வார்த்தைகளும் வரிசையில் நிற்பது தெரிந்தது. திட்டட்டும் என்று நானே நினைத்தேன்.

"வித்தது யாரு பேர்லம்மா?" என்று இளமதியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவரு பேர்லதாண்ணா. அன்னைக்கு மேடையிலேயே அவரே அவரு பேரப் போட்டுக்கிட்டாரு. கணக்குல ஒரு வண்டி சேரும்ல."

நந்தகுமாருக்கும் அது அதே நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டையைப் பிடித்துக்கொண்டார்.

"மிக" என்றார். தண்ணீர் குடித்தார். "மிக திருப்தி."

போனை வைத்தார். ஷோரூமில் நின்று மிக மிக திருப்தி சொன்னவர் மறுபடியும் மணி அடிக்க வேண்டும். அதுவும் அவருடைய விதிதான். ஊழியர்கள் எழுந்து கைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். நந்தகுமார் நடந்து போய் மணி முன்னால் நின்றார், கையை ஓங்கினார், அடித்தார்.

பீங்கான் அல்லவா. ஷோரூம் முழுவதும் வெள்ளைச் சில்லாகச் சிதறியது. எல்லோரும் கை தட்டினார்கள். இளமதி விளக்குமாறு எடுக்கப் போனாள்.

கையில் மணியின் கயிறு மட்டும் ஆட, நந்தகுமார் என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. "புது மணி எப்ப சார் கிடைக்கும்?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தோளில் கை வைத்து, சோபாவில் உட்கார வைத்தேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை வந்துடும் சார்."